படிக்கும் அறையில் ஒரு புனிதர்

எங்கள் பள்ளி நூலகத்தின் கடைசி அலமாரியில் பெரிய ஓவியப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அட்டை கிழிந்து, முதுகில் துணி ஒட்டிய புத்தகம். அதில் வண்ணமே இல்லாத படம் ஒன்று உண்டு. முதியவர் ஒருவர் மேசைமேல் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அறையின் முன்புறத்தில், வருகிறவர் வழியை மறித்தாற்போல், ஒரு சிங்கமும் ஒரு நாயும் அருகருகே படுத்துக் கிடக்கின்றன. மேலே உத்தரத்திலிருந்து பெரிய சுரைக்காய் ஒன்று தொங்குகிறது.

முதன்முதலில் அதைப் பார்த்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "திருஷ்டிக்குக் காய் கட்டியிருக்கிறார்களடி!" என்றாள் ஒருத்தி. "சிங்கம் படுத்திருக்கிற வீட்டுக்குத் திருஷ்டி எங்கிருந்து வரும்?" என்றாள் மற்றொருத்தி. நூலகப் பொறுப்பிலிருந்த சிஸ்டர் எங்கள் சிரிப்பைக் கேட்டு அருகில் வந்தார்கள். "அந்தக் கொடியின் பெயருக்காக ஒரு கோயிலில் கலகமே நடந்திருக்கிறது. என்ன கலகம் என்று நீங்களே தேடிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

சிரிப்பு நின்றது, தேடல் தொடங்கியது. தேடியதில் நாங்கள் அறிந்துகொண்டவற்றை நம் ஆண்டு மலரின் வாசகர்களுடன் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

செம்பில் வெட்டிய படம்

அப்படத்தின் பெயர் 'படிக்கும் அறையில் புனித எரோணிமுஸ்'. ஜெரோம் என்று நாம் அழைக்கும் அதே புனிதர்தாம் இவர். படத்தை ஆக்கியவர் ஜெர்மனி நாட்டின் நூரம்பெர்க் நகரைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் டியூரர். 1471-ஆம் ஆண்டு பிறந்த இவர் 1528-ஆம் ஆண்டு மறைந்தார். இப்படத்தை ஆக்கியது 1514-ஆம் ஆண்டில். அவருடைய அன்னை பார்பரா இறந்ததும் அதே ஆண்டில்தான்.

படத்தின் உயரம் சுமார் 25 சென்டிமீட்டர், அகலம் சுமார் 19 சென்டிமீட்டர். நாம் எழுதும் பெரிய நோட்டின் ஒரு பக்க அளவைவிடக் குறைவு. ஆயினும் இது பேனாவாலோ தூரிகையாலோ வரைந்ததன்று. செம்புத் தகட்டில் உளியால் வெட்டி, காகிதத்தில் அச்சிட்ட படம்.

இதைப் புரிந்துகொள்ள நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டுச் சீர்வரிசைக் குடத்தையும் தவலையையும் எடுத்துப் பாருங்கள். கழுத்தோரத்தில் அம்மாவின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். பாத்திரக் கடையில் ஒருவர் சிறிய உளியை வைத்து, அதன் தலையில் தட்டித் தட்டிப் பெயர் வெட்டியதைப் பாட்டிமார் பார்த்திருப்பார்கள். டியூரர் செய்ததும் அதைப் போன்ற வேலைதான். ஆனால் அவர் சுத்தியலால் தட்டவில்லை. கூர்மையான உளியை உள்ளங்கையில் அடக்கி, தகட்டின்மேல் தள்ளித் தள்ளியே கோடு கிழித்தார். அவருடைய தந்தை பொற்கொல்லர். டியூரர் சிறுவனாக இருந்தபோது அப்பட்டறையில்தான் முதலில் தொழில் பழகினார்.

வெட்டி முடித்த தகட்டில் மையைப் பூசி, பிறகு மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். பள்ளமான கோடுகளுக்குள் மட்டும் மை தங்கும். அதன்மேல் ஈரக் காகிதத்தை வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தினால், கோடுகளிலுள்ள மை காகிதத்தில் ஏறிவிடும். கண்ணாடியில் தெரிவதுபோல் படம் இடவலம் மாறி விழும். ஆகவே எழுத்தையும் எண்ணையும் தகட்டில் தலைகீழ்ப் பாடமாகத்தான் வெட்ட வேண்டும். படத்தின் வலப்பக்கக் கீழ்மூலையில், தரையில் கிடக்கும் சிறு பலகையில், டியூரர் தம் பெயரின் இரு முதலெழுத்துக்களையும் ஆண்டையும் அப்படித்தான் பொறித்திருக்கிறார்.

இப்போது மீண்டும் படத்தைப் பாருங்கள். இடப்பக்கத்துச் சன்னலில் வட்ட வட்டமான கண்ணாடிகள். அவற்றின் வழியாக வந்த வெயில் சன்னலோரச் சுவரில் கோலம் போட்டதுபோல் விழுந்திருக்கிறது. வெள்ளை மையால் வந்த வெளிச்சம் அன்று அது. இருள் வேண்டிய இடத்தில் நெருக்கமாகக் கோடுகளை வெட்டிய டியூரர், வெளிச்சம் வேண்டிய இடத்தில் உளியை வைக்காமல் விட்டுவிட்டார். அவ்வளவே. தொடாமல் விட்ட இடமே வெயிலாயிற்று.

சுவரில் கர்தினாலின் தொப்பி தொங்குகிறது. அதன் அருகே மணற்கடிகாரம். மணல் விழுந்துகொண்டே இருக்கிறது. சன்னல் திண்டில் ஒரு மண்டையோடு. மேசைமேல் சிறிய சிலுவை. புனிதரின் தலையிலிருந்து சிலுவையின் வழியாக ஒரு நேர்கோடு இழுத்தால் அது மண்டையோட்டில் போய் முடியும். மரணத்தைக் கிறிஸ்துவின் சிலுவை வழியாகவே பார் என்று சொல்லாமல் சொல்கிறது படம். பெஞ்சின் கீழே கழற்றிப் போட்ட செருப்பு கிடக்கிறது. அவரோ எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதுகிறார்.

கடல் கடந்து வந்த தாள்கள்

சுவரில் தீட்டிய ஓவியம் சுவரோடு நிற்கும். செம்பில் வெட்டிய படமோ ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான தாள்களாக ஊர் ஊராகப் போகும். அத்தகைய ஐரோப்பியத் தாள்கள் நம் நாட்டிற்கும் வந்தன.

1580-ஆம் ஆண்டு, முத்திப்பேறு பெற்ற ருடால்ப் அக்குவாவிவா முதலிய சேசு சபைக் குருக்கள் பேரரசர் அக்பரின் அழைப்பை ஏற்று பத்தேபூர் சிக்ரி சென்றனர். ஆண்ட்வெர்ப் நகரில் அச்சான பன்மொழி விவிலியத்தை அவர்கள் அரசருக்குக் காணிக்கையாக அளித்தனர். அதிலும் செதுக்குப் படங்கள் இருந்தன. இத்தகைய படங்களை அரண்மனை ஓவியர்கள் ஆவலோடு பார்த்துப் பழகினார்கள். கேசவதாஸ் என்னும் இந்து ஓவியர் ஐரோப்பியப் படத்தைப் பின்பற்றி நம் புனித எரோணிமுஸையே வரைந்தார். அந்த ஓவியம் இன்று பாரிஸ் நகரின் கீமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்களை வியப்பில் ஆழ்த்தியவன் வேறொருவன். அபுல் ஹசன் என்னும் சிறுவன், டியூரர் 1511-இல் வெட்டிய சிலுவைக் காட்சியைப் பார்த்து, சிலுவையடியில் கைகளைக் கோத்து மேலே நோக்கி நிற்கும் புனித அருளப்பரை மட்டும் தனியே வரைந்தான். ஆண்டு 1600. அப்போது அவனுக்கு வயது 13! உளியின் கோடுகளை அவன் தூரிகையின் முனையால் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தான். பிற்காலத்தில் ஜகாங்கீர் அரசர் அவருக்குக் 'காலத்தின் அற்புதம்' என்று பொருள்படும் பட்டத்தை வழங்கினார். சிறுவயதில் வரைந்த அச்சிறு படம் இப்போது ஆக்ஸ்போர்டு நகரிலுள்ள அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய தந்தை ஆகா ரிஸாவிடம் பயின்ற நாதிரா பானு என்னும் பெண்ணும் இவ்வாறு ஐரோப்பியப் படத்தைப் பார்த்து வரைந்து, தன் பெயரையும் பொறித்திருக்கிறாள் என்பதை அறிந்தபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

அச்சிறுவன் கிறிஸ்தவன் அல்லன். ஆயினும் ஒரு புனிதரின் முகத்தைப் பல நாள் உற்றுப் பார்த்திருக்கிறான். உற்றுப் பார்ப்பது என்பதே பாதிக் கல்வி அன்றோ!

யார் இந்த எரோணிமுஸ்?

ஏறத்தாழ 347-ஆம் ஆண்டில் ஸ்திரிதோன் என்னும் ஊரில் பிறந்தவர் இவர். உரோமையில் இலத்தீன் இலக்கியம் கற்றார். சிரியா நாட்டுப் பாலைநிலத்தில் தவம் செய்த காலத்தில், மதம் மாறிய யூதர் ஒருவரிடம் எபிரேய மொழியைப் பயின்றார். தொண்டையில் உரசும் அம்மொழியின் ஒலிகள் நாவில் ஏறாமல் பலமுறை மனமுடைந்து கைவிட்டு, மறுபடியும் தொடங்கினாராம். வேற்றுமொழி இலக்கணத்தோடு போராடும் நமக்கு இது ஆறுதலான செய்தி.

382-ஆம் ஆண்டளவில் திருத்தந்தை தமாசுஸ் இலத்தீன் நற்செய்தி நூல்களைத் திருத்தும் பணியை இவரிடம் ஒப்படைத்தார். 386-ஆம் ஆண்டில் பெத்லகேமில் குடியேறினார். அங்கே பழைய ஏற்பாட்டை எபிரேய மூலத்திலிருந்தே இலத்தீனில் பெயர்த்தார். அது முடியப் பதினைந்து ஆண்டுகள் அளவு ஆயின. 'வுல்காத்தா' என்று பெயர் பெற்ற அந்த விவிலியமே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மேலைத் திருச்சபையின் விவிலியமாக விளங்கிற்று. 420-ஆம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். செப்டம்பர் 30 அவருடைய திருநாள்.

பிறவியிலேயே சாந்தமானவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் பெரும் முன்கோபி. எழுதுகோலால் எதிரிகளைச் சுட்டெரித்தவர். சிங்கத்தின் காலில் தைத்த முள்ளை எடுத்த கதைகூட ஜெராசிமுஸ் என்னும் வேறொரு துறவிக்கு உரியது. பெயர் ஒப்புமையால் இவர்மேல் ஏறிவிட்டது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் அக்கதை இவருக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. உறுமுகிற சிங்கம் அவருக்குள்ளேயே இருந்தது. வேலையில் அமர்ந்தபோது அது படுத்து உறங்கியது.

படத்தில் இல்லாத இரு பெண்கள்

டியூரரின் அறையில் எரோணிமுஸ் தனியாக இருக்கிறார். உண்மை வரலாற்றில் அவர் தனியாக இல்லை. உரோமையின் உயர்குடிக் கைம்பெண்ணான புனித பவுலாவும், அவருடைய மகள் புனித எவுஸ்தோக்கியமும் பெத்லகேமில் அவரோடு உழைத்தார்கள். மடங்களையும் வழிப்போக்கர் தங்கும் விடுதியையும் கட்டியது பவுலாவின் செல்வம். தாயும் மகளும் எபிரேயம் கற்றார்கள். சங்கீதங்களை அம்மொழியிலேயே பாடும் அளவுக்குக் கற்றார்கள் என்று எரோணிமுஸே எழுதியிருக்கிறார். கேள்வி கேட்டுக் கேட்டு அவரை எழுத வைத்தவர்களும் அவர்களே. பல நூல்களின் முன்னுரைகளை அவர் அவ்விருவருக்கும் முகவரியிட்டே எழுதினார். பெண்களுக்கு ஏன் எழுதுகிறீர் என்று ஏளனம் செய்தவர்களுக்கு, விவிலியத்தில் வரும் இறைவாக்கினப் பெண்களை எடுத்துக்காட்டி விடை கூறினார்.

பவுலாவின் பேத்தி குழந்தையாக இருந்தபோது, அவளுக்கு எப்படி எழுத்தறிவிக்க வேண்டும் என்று அவளுடைய தாய்க்கு ஒரு கடிதமே எழுதினார் இத்துறவி. மரத்திலோ தந்தத்திலோ எழுத்துக்கள் செய்து கொடுங்கள்; விளையாடிக்கொண்டே கற்கட்டும் என்பது அவர் சொன்ன யோசனை. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் குழந்தையின் அரிச்சுவடியைப் பற்றி இத்தனை அக்கறை!

சுரைக்காய்க் கலகம்

இனி, சிஸ்டர் சொன்ன கலகத்திற்கு வருவோம். யோனா இறைவாக்கினர் நினிவே நகருக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். கடவுள் ஒரு செடியை முளைக்கச் செய்து அவருக்கு நிழல் தருகிறார். அது என்ன செடி? பழைய இலத்தீன் விவிலியத்தில் அது சுரைக்கொடி. எரோணிமுஸ் அதை மாற்றி ஐவி என்னும் படர்கொடியின் பெயரை இட்டார். ஆப்பிரிக்காவில் ஒயேயா என்னும் நகரில் (இன்றைய திரிப்போலி) ஆயர் இப்புதிய மொழிபெயர்ப்பைக் கோயிலில் வாசித்ததும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். பாட்டன் காலத்திலிருந்து கேட்டுவந்த சுரைக்கொடி எங்கே என்று கூச்சல் எழுந்தது. மந்தையை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய ஆயர் சொல்லைத் திருத்தவேண்டி வந்தது. புனித அகுஸ்தீனார் 403-ஆம் ஆண்டில் எரோணிமுஸுக்கு எழுதிய கடிதத்தில் இச்செய்தி இருக்கிறது. டியூரர் உத்தரத்தில் தொங்கவிட்ட சுரைக்காய் இந்தக் கலகத்தையே நினைவூட்டுகிறது என்று கலை வரலாற்றாளர் சிலர் கருதுகின்றனர்.

எரோணிமுஸுக்கும் அது ஐவி அன்று என்பது தெரியும். அகன்ற இலையுள்ளது, விரைந்து வளர்வது, பற்றுக்கொம்பின்றித் தன் தண்டிலேயே நிற்பது என்று அச்செடியை அவர் வருணிக்கிறார். அதற்கு இலத்தீனில் பெயர் இல்லை, என்ன செய்வது? ஆனால் முகையூர்ப் பக்கத்துப் பெண் யாரிடம் இந்த அடையாளங்களைச் சொன்னாலும் உடனே பெயரைச் சொல்லிவிடுவாள். ஆமணக்கு! தமிழ் விவிலியத்திலும் அது ஆமணக்குச் செடிதான். இலத்தீனில் கிடைக்காமல் அவரைத் தவிக்கவைத்த சொல், நம் மல்லாட்டைக் கொல்லை வரப்பில் சாதாரணமாக வளர்ந்து நிற்கிறது.

திண்டிவனத்தில் ஒரு மேசை

அந்தச் சொல் நம் விவிலியத்திற்கு வந்ததும் ஒருநாள் வேலையன்று. 1715-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அதன்பின் பல சபையினர் பல மொழிபெயர்ப்புகளைச் செய்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நிறைவுற்றபின், பூசையிலும் தாய்மொழி ஒலிக்கத் தொடங்கியதும், தெளிவான தமிழ் விவிலியத்தின் தேவை இன்னும் கூடிற்று. கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் ஒன்றுகூடி, மூலமொழிகளை ஒப்புநோக்கி உழைத்த பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலியம்' 1995-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதை வெளியிட்ட தமிழ்நாடு விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையத்தின் முகவரி என்ன தெரியுமா? நம் மாவட்டத்துத் திண்டிவனம்!

நம்மில் எத்தனையோ பேர் பேருந்தில் அவ்வூரைக் கடந்து போயிருக்கிறோம். வாரந்தோறும் கோயிலில் நாம் கேட்கும் வாசகம் நமக்கு எளிதாகப் புரிகிறதென்றால், ஒவ்வொரு சொல்லுக்காகவும் யாரோ மேசையில் குனிந்து உட்கார்ந்ததால்தான். அவர்கள் பெயர்கள் நமக்குப் பெரும்பாலும் தெரியாது. எரோணிமுஸின் அறையில் விழுந்த வெயில் அவர்கள் மேசையிலும் விழுந்திருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அமைதி என்பது சும்மா இருப்பதன்று. யாரோ ஒருவருக்குப் புரியவேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து உழைக்கும் நேரமே அமைதி. இப்படம் எங்களுக்குக் கற்பித்த பாடம் இதுவே.

எங்கள் வீட்டில் அந்த அறை

இனி, பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்.

எரோணிமுஸ் வாழ்ந்தது பெத்லகேமில். டியூரரோ அவரைத் தம் ஊரான நூரம்பெர்க் வீட்டைப் போன்ற அறையில் உட்காரவைத்தார். அப்படியானால் நாம் அவரை முகையூர் வீட்டில் உட்காரவைத்துப் பார்க்கலாம் அல்லவா? வகுப்பில் அப்படிக் கற்பனை செய்து பார்த்தோம். சிங்கத்துக்குப் பதில் ஆட்டுக்குட்டி. உத்தரத்தில் சுரைக்காய் இருக்கட்டும், விதைக்குக் கட்டியது. மேசை இல்லை, திண்ணையும் ஒரு பலகையும் உண்டு. எல்லாம் சரியாக வந்தது. ஒன்றுதான் வரவில்லை. அவரை யாரும் கூப்பிடாமல் இருக்கவேண்டுமே, அது எங்கள் வீடுகளில் எப்படி என்பதுதான் புரியவில்லை.

எங்களில் பலருக்குத் தனி அறை கிடையாது. அது குறையன்று, பெத்லகேம் குகையிலும் வசதி இருந்திருக்காது. ஆனால் அண்ணனோ தம்பியோ புத்தகத்தை எடுத்தால், "சத்தம் போடாதீர்கள், பிள்ளை படிக்கிறான்" என்று வீடே அடங்குகிறது. நாங்கள் எடுத்தால், "அதை வைத்துவிட்டு இந்தக் குடத்தை எடு" என்கிறது அதே வீடு. தொலைக்காட்சிப் பெட்டியும் கைபேசியும் தம் பங்குக்குக் கூப்பிடுகின்றன. அந்த அழைப்பை மறுப்பது எங்கள் பொறுப்பு. குடத்தின் அழைப்பை மறுக்க எங்களுக்கு மனம் வருவதில்லை.

மறுக்கவும் வேண்டாம். 410-ஆம் ஆண்டு உரோமை நகரம் சூறையாடப்பட்டு, அகதிகள் பெத்லகேமுக்கு வந்து குவிந்தபோது, எரோணிமுஸ் எழுதிக்கொண்டிருந்த எசேக்கியேல் விளக்கவுரையை நிறுத்திவிட்டு அவர்களைக் கவனித்தார். கை வேலைக்கு முன் ஏடு காத்திருக்கலாம் என்பதை அவரும் அறிந்தவரே. அம்மாவின் சுமையில் பாதி எங்களுடையது. நாங்கள் கேட்பது நாள் முழுவதும் அன்று. ஒரு விளக்கு, ஒரு மூலை, மாலையில் ஒரு மணி நேரம். மணற்கடிகாரம் ஒருமுறை காலியாகும் வரையில்.

எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு அது கிடைத்திருக்கிறது. அவளுடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாலையில் மகள் புத்தகத்தோடு உள்ளே உட்கார்ந்ததும், அவர் மல்லாட்டையை முறத்தில் கொட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். எண்ணெய் கேட்டு வரும் பக்கத்து வீட்டாரையும், கதை பேச வரும் அத்தையையும், "பாப்பா படிக்குது, அப்புறமா வாங்க" என்று மெல்லத் திருப்பி அனுப்பிவிடுவார். பருப்பு உடைபடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இராது.

அவள் இதைச் சொன்னதும் நாங்கள் மறுபடி நூலகத்துக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திருப்பினோம். வழியை மறித்துப் படுத்திருக்கும் சிங்கம் எதற்கு என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.